ராணிக்கு மீசை ஆகாது

தேசப்பனுக்கு மீசை முளைத்த சேதி காசிமேட்டுக் குப்பத்துக்குத் தெரிந்த அளவுக்கு அவன் படித்த பள்ளிக்கூடத்துக்குத் தெரியவில்லை. கரையில் நின்றபடியே அரை மைல் தூரத்தில் மீன் கூட்டம் வருவதைக் கண்டுபிடிக்கிற ஜனங்களுக்கு, ஒரு பையனின் மேலுதட்டில் பதினேழு ரோமம் கறுத்ததைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமா? அவன் அம்மா கன்னியம்மா அதைப் பார்த்த அன்றே அங்காளம்மனுக்குத் தேங்காய் உடைத்தாள். பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் தலையில் மீன்கூடையோடு தண்டையார்பேட்டை வரைக்கும் போய் வருகிறவள். அன்றைக்குக் கூடை காலியாவதற்குள் சேதியையும் தெருத்தெருவாக விற்றுத் தீர்த்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் மூக்குக் கண்ணாடி போட்ட வாத்தியார்கள் எட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

ஐம்பத்தொன்றாம் வருஷம் அது. தேசப்பன் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆறாவது பாரம், அதாவது பள்ளியின் கடைசி வகுப்பு, படித்தான். படித்தான் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. அவன் செய்தது கால்பந்து அணியில் கோல் காத்தது. அப்பா ராமதாஸின் கட்டுமரம் கரை தட்டும்போது, மரத்திலிருந்து அவர் வீசுகிற மீன் ஒவ்வொன்றையும் மணலில் விழாமல் பிடித்துப் பழகிய கை அவனுடையது. வழுக்குகிற மீனையே விடாத கை, பந்தை விடுமா? கோலுக்குப் பின்னால் கட்ட வலை இல்லையே என்று டிரில் மாஸ்டர் கவலைப்பட்டபோது, அப்பாவின் பழைய வலை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டியவனும் அவன்தான். மழை பெய்தால் மைதானமே கருவாடு மணக்கும். எதிரணிப் பையன்கள் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பக்கம் வருவார்கள். அதுவும் நம் பக்கத்துக்கு ஒரு சௌகரியம்.

அந்த வருஷம் பள்ளிக்கூடங்களுக்கிடையேயான பந்தயத்தில் அவர்கள் முதன்முறையாகக் கடைசி ஆட்டத்துக்கு வந்திருந்தார்கள். எதிரே பெரம்பூர்ப் பையன்கள். பூட்ஸ் போட்டு ஆடுகிறவர்கள். ஆட்டம் சனிக்கிழமை நாலு மணிக்கு, நம் மைதானத்தில். தேசப்பனுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அந்த நாலு மணிக்கு அந்த வலைக்கு முன்னால் நிற்க வேண்டும்.

நிற்க முடியாது என்றார் தலைமையாசிரியர். ஏதாவது ஒரு பாடத்தில் தோற்ற பையன் பந்தய மைதானத்தில் கால் வைக்கக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். தேசப்பன் தமிழில் இருபத்தெட்டு வாங்கியிருந்தான். பாஸ் மார்க்கு முப்பத்தைந்து.

டிரில் மாஸ்டர் வேதமாணிக்கத்துக்கு நாசரேத் பக்கம். கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் ஒரே சத்தம்தான் போடுவார். அன்றைக்கு வந்தது கோபம்.

"ஏலே, இங்கிலீஷ்ல தோத்தா அது வெள்ளைக்காரன் பாஷைன்னு சொல்லலாம். தமிழ்ல தோத்துட்டு வந்து நிக்கியே, வெக்கமா இல்ல? போ, புலவர் கால்ல விழு. ஏழு மார்க்கு வாங்காம என் மூஞ்சில முழிக்காத!"

புலவர் சுப்புராஜ் தமிழ்ப் பண்டிதர். அண்ணன் தம்பி நாலு பேரும் விருதுநகரிலிருந்து வந்து மிளகாய் மண்டி வைத்துக் கொழிக்க, இவர் ஒருவர் மட்டும் தமிழை எடுத்துக்கொண்டார். காப்பிக் கடையில் சர்க்கரை குறைவு என்பதைக்கூட அச்சில் ஏற்றுகிற மாதிரிதான் சொல்வார். ஆண்டுதோறும் பள்ளி விழாவுக்கு ஒரு நாடகம் எழுதுவார். ஆண்டுதோறும் முன்வரிசையில் தலைமையாசிரியர் தூங்குவார். இந்தத் தடவை அவரைத் தூங்கவிடுவதில்லை என்று புலவர் சங்கல்பம் செய்திருந்தார். கதை இதுதான்: சோழ ராஜா போருக்குப் போகிறார், மாண்டுவிட்டார் என்று சேதி வருகிறது, ராணி புலம்புகிறாள், கடைசியில் ராஜா உயிரோடு திரும்பி வருகிறார். ராஜா கிடைத்துவிட்டார். ரஷீது என்று தேசப்பனின் தோஸ்து, அணியில் முன்னால் நின்று கோல் போடுகிறவன், நெடுநெடுவென்று இருப்பான். ராணிதான் கிடைக்கவில்லை.

தேசப்பன் வந்து நின்றதும் புலவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். மெலிந்த உடம்பு. இன்னும் சரியாக உடையாத குரல், கோலில் நின்று "விட்றா!" என்று அவன் கத்தினால் ராயபுரம் ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறவன் இறங்கிவிடுவான்.

"உன் விடைத்தாளைத் திருத்துகையில் நான் கண்ணீர் வடித்தேன், தேசப்பா," என்றார் புலவர். "பதிலுக்கு நீ அரங்கத்தைக் கண்ணீர் வடிக்கச் செய். ராணியின் புலம்பல் பதினாறு வரி. கேட்போர் அழுதால் ஏழு மதிப்பெண். அழாவிடில் இருபத்தெட்டு இருபத்தெட்டாகவே இருக்கும்."

நாடகம் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. மறுநாள் நாலு மணிக்கு ஆட்டம். வெள்ளிக்கிழமை ராணியாகத் தேறினால்தான் சனிக்கிழமை கோலியாக நிற்கலாம். தேசப்பன் ஒப்புக்கொண்டான். ஆனால் குப்பத்தில் மூச்சு விடவில்லை. 'கோலி தேசப்பன்' என்று நண்டுசிண்டெல்லாம் கூப்பிடுகிற இடத்தில் 'ராணி தேசப்பன்' என்று ஆகிவிட்டால் அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வலை இழுப்பது?

மூன்று வாரம் ஒத்திகை நடந்தது. பாட்டு மனப்பாடமாகவில்லை, ஆன அளவுக்கும் அவன் சொன்னதைக் கேட்டால், அடுத்து எந்த ஸ்டேஷன் வரும் என்று யாரோ அறிவிக்கிற மாதிரி இருந்தது. "மன்னவனே, என்னைவிட்டு மறைந்தனையோ" என்று அவன் மார்பில் அடித்துக்கொள்ளும்போது, பந்தை நெஞ்சில் வாங்கித் தரையில் போடுகிற பாவனைதான் வந்தது. வெங்காயம் கொண்டு வந்தார்கள். மூக்குப்பொடி போட்டார்கள். தும்மினானே தவிர அழவில்லை. அழுகை அவனுக்குப் பழக்கமில்லை. மூக்கில் பூட்ஸ் பட்டபோதுகூட அழாதவன்.

"ராணியின் கரம் துடுப்புப்போல் இருக்கிறது. அதையாவது சேலைக்குள் மறை," என்று புலவர் பெருமூச்சு விட்டார்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு முடிசூட்டிப் பார்த்தார்கள். காகித முடியைத் தலையில் வைத்து, அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கப் புலவர் முதன்முதலாக அவன் முகத்துக்கு அருகில் வந்தார். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளினார். கீழே இறக்கினார்.

"இது என்ன?"

"மீசை, ஐயா," என்றான் தேசப்பன், கொஞ்சம் பெருமையாகவே.

"ராணிக்கு மீசை ஆகாது. மழித்துவிட்டு வா. அப்படியே மூன்று மணிக்குள் சிவப்பில் ஒரு பட்டுச்சேலையும் கொண்டு வா."

ஒரு வருஷம் தடவித் தடவி வளர்த்த மீசை. ஆனால் ஏழு மார்க்கு. பதினேழு ரோமத்தையும் ஏழு மார்க்கையும் மனசுக்குள் எடை போட்டுப் பார்த்தான், மார்க்குதான் கனத்தது. ரஷீது ஓடிப்போய்த் தன் அண்ணனின் ரேசரை எடுத்துவந்தான். தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் நாலே இழுப்பில் வேலை முடிந்தது.

"இன்னா தோஸ்து, முடிஞ்சிதா? இதுக்கா இம்மாம் பேஜாரு பண்ணே?" என்றான் ரஷீது.

அந்த அவசரத்தில் தேசப்பன் ஒன்றை மறந்துபோனான். அவன் குப்பத்தில் மகன் மீசையை எடுப்பது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான்: அப்பன் செத்தால். அப்பன் உயிரோடு இருக்க மேலுதட்டில் கத்தி வைத்தவன் அந்தக் கரையிலேயே கிடையாது. அதிலும் வெள்ளிக்கிழமையில், சாவு விழுந்த வீட்டைத் தவிர வேறெங்கும் சவரக்கத்தி வெளியே வராது. பிறந்ததிலிருந்து பார்த்த பழக்கம்தான். என்ன செய்வது, மண்டை முழுக்கப் பெரம்பூர்ப் பையன்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

வெயிலில் குப்பத்துக்கு நடந்தான். சிவப்பில் பட்டுச்சேலை அவனுக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான்: தகரப் பெட்டியின் அடியில் அம்மா வைத்திருக்கும் கல்யாணக் கூரைப்புடவை. அம்மா அந்த நேரத்தில் கரையில் இருப்பாள். சத்தமில்லாமல் எடுத்துப்போய், சத்தமில்லாமல் திருப்பி வைத்துவிடலாம் என்பது அவன் திட்டம்.

வீட்டு வாசலில் பவுனம்மாள் மீன் கூறு போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் கையிலிருந்த சங்கரா மீனைக் கீழே போட்டாள்.

"டேய் தேசப்பா... மீசை எங்கடா?"

ரகசியம் உடைந்ததென்று தேசப்பன் நினைத்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தலையைக் குனிந்து, "இப்ப ஒண்ணும் கேக்காத அத்தே. அம்மாகிட்ட நானே பொறவு சொல்லிக்கிறேன்," என்று தழுதழுத்துவிட்டு உள்ளே நுழைந்தான்.

அப்பனைப் பறிகொடுத்த பிள்ளை இதைவிட நன்றாக நடந்துகொள்ள முடியாது. பவுனம்மாள் கூடையை அப்படியே போட்டுவிட்டுக் கரைப்பக்கம் ஓடினாள்.

கரையில் கன்னியம்மா பதினோரு மணியிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். காலையில் போன மரமெல்லாம் வந்துவிட்டது; ராமதாஸின் மரம் மட்டும் வரவில்லை. வாய் அவரைத் திட்டிக்கொண்டிருந்தாலும் கண் கடலைவிட்டு நகரவில்லை. இந்த நேரம் பார்த்துப் பவுனம்மாள் வந்து, மகன் மீசை எடுத்துவிட்டு வந்திருக்கிறான் என்றால் எந்தப் பெண்பிள்ளை நிதானமாக யோசிப்பாள்? உடம்பு துறைமுகத்துப் பக்கம் ஒதுங்கியிருக்கும், பள்ளிக்கூடத்துக்கு ஆள் போயிருக்கும், பிள்ளைக்கு முதலில் சொல்லியிருப்பார்கள். அவளாகவே எல்லாவற்றையும் முடிச்சுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தாள். வந்து பார்த்தால், மகன் மழித்த உதட்டோடு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, கையில் அவளுடைய கூரைப்புடவையை வைத்திருக்கிறான். புருஷன் போனால், கூரைப்புடவையைக் கடைசியாக ஒரு தடவை கட்டிப் பூ வைத்துவிட்டுத்தான் எல்லாவற்றையும் எடுப்பார்கள். அதற்குத்தான் பிள்ளை எடுத்து வைத்திருக்கிறான்!

"ஐயோ, பூட்டியா ராசா!" என்று அவள் நிலைப்படியிலேயே விழுந்தாள்.

தேசப்பன் திரும்பிப் பார்த்தான். அம்மா தரையில் கிடந்து மார்பில் அடித்துக்கொள்கிறாள். பின்னால் பத்துப் பெண்கள் தலையை விரித்துக்கொண்டு வருகிறார்கள். பவுனம்மாள், "ராமதாஸு மாமா! எங்கள வுட்டுப் பூட்டியே!" என்று கத்துகிறாள். அவனுக்கு வேறென்ன தோன்றும்? அவன் மீசையைப் பார்த்து அவர்கள் அழுதார்கள்; அவர்கள் அழுவதைப் பார்த்து அவன் நம்பினான்.

அன்று காலை அப்பா மரத்தை இறக்கும்போது, "மேட்ச்சு என்னிக்கிடா?" என்று கேட்டிருந்தார். "உனுக்கு இன்னாத்துக்கு? நீ வரவா போறே?" என்று இவன் சொல்லியிருந்தான்.  மூன்று வாரமாக வெங்காயத்துக்கும் மூக்குப்பொடிக்கும் வராத கண்ணீர், கேட்பாரில்லாமல் கொட்டியது. அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேசப்பன் வாய்விட்டு அழுதான்.

கன்னியம்மா புலம்ப ஆரம்பித்தாள். புருஷனிடம் 'யோவ்' என்பதற்கு மேல் மரியாதையாக ஒரு வார்த்தை பேசியறியாதவள். குப்பத்தில் அவள் வாய்க்குப் பயந்து காக்காய்கூட அந்தக் கூரையில் உட்காராது என்பார்கள். அப்பேர்ப்பட்டவள் பாடினாள்:

"கொடுவா கொணாந்து தந்து — என் ராசா
கொழம்பு வெச்ச நாளெல்லாம்
தலைய மவனுக்கு வெச்சேனே — என் தொரையே
வால உனக்கு வெச்சேனே
வால துன்னு எழுந்தீயே — ஒரு
வார்த்த நீயும் கேக்கலியே

திட்டித் திட்டி சோறு போட்டேன் — என் ராசா
சிரிச்சிச் சிரிச்சி துன்னீயே
நல்ல வார்த்த நாலு வார்த்த — என் தொரையே
நாளைக்குன்னு வெச்சிருந்தேன்
நாளைக்கு நீ இல்லாம — அத
நானு யாருக்கு சொல்லுவேன்?"

பெண்கள் தோளோடு தோள் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொரு அடிக்கும் எடுத்துக்கொடுத்தார்கள். அரை மணி நேரம் போனது.

வெளியே, கூட்டத்தின் ஓரத்தில், ஒருவர் வந்து நின்றார். தோளில் துடுப்பு, கையில் செவுளில் கயிறு கோத்த பெரிய கொடுவா மீன். கூட்டம் தெருவையே அடைத்திருந்ததில் எந்த வீடு என்று தெரியவில்லை; சாவு என்று கண்டதும் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற கிழவரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"யாரு பெரீப்பா பூட்டது?"

"நம்ம ராமதாஸுப்பா," என்றார் கண் சரியாகத் தெரியாத கிழவர்.

"அடப்பாவமே. எந்த ராமதாஸு?"

கேட்டு முடிப்பதற்குள் வட்டத்திலிருந்து பவுனம்மாள் நிமிர்ந்து பார்த்து வீறிட்டாள். ஒப்பாரி பாதி அடியில் நின்றது. கன்னியம்மா தலை நிமிர்ந்தாள். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. மூன்றாவது மூச்சில் அவளுக்குப் பழைய வாய் திரும்பி வந்துவிட்டது.

"யோவ்! எங்கய்யா போய்த் தொலைஞ்சே?"

தெற்குக் காற்று மரத்தை எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் தள்ளிவிட்டதாம். மரத்தை அங்கே கரையேற்றிவிட்டு, கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு வருகிறாராம். அவர் இதைச் சொல்ல, தேசப்பன் மீசைக் கதையைச் சொல்ல, அத்தனை பேரும் சிரித்தார்கள் பாருங்கள், மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தார்கள். தேசப்பன் மட்டும் அப்பாவின் ஈர வேட்டியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. பதினேழு வயசுப் பிள்ளை; எடுக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

குப்பத்துப் பெரியவர்கள் கூடித் தீர்ப்புச் சொன்னார்கள். ஒப்பாரி கேட்டவனுக்கு ஆயுசு கெட்டி. ஆனாலும் மூன்று நாளைக்குக் கடலில் இறங்கக்கூடாது. ஒரு தடவை அழுது வழியனுப்பியவனைக் கண்ணெதிரே காட்டிக் கடலைச் சீண்டுவானேன்?

"அப்ப நாளைக்கு நான் சும்மாதான் கீறேன்," என்றார் ராமதாஸ் மகனைப் பார்த்து. "உன் பந்தாட்டத்துக்கு வர்றேன்டா."

 வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பா வருகிறேன் என்கிறார். இவன் வலைக்கு முன்னால் நிற்பானா இல்லையா என்பதோ பதினாறு வரியில் இருக்கிறது. அதில் எட்டு வரிதான் நினைவில் இருந்தது.

ரகசியம் என்று இனி ஒன்றும் இல்லை. யாருக்காக அரை மணி நேரம் அழுதோமோ அந்த ராணியைப் பார்க்காமல் விடுவதில்லை என்று பவுனம்மாள் தலைமையில் பெண்கள் கிளம்பினார்கள். கன்னியம்மா, கொடுவாவுக்கு உப்பும் மஞ்சளும் தடவி வைத்துவிட்டு, கூரைப்புடவை அழுக்காகாமல் பார்த்துக்கொள்ளத்தான் தான் போவதாகச் சொல்லிக்கொண்டு நடந்தாள். ராமதாஸ் பின்னால் வந்தார்.

ஆறு மணிக்கு நாடகம் தொடங்கியது. முன்வரிசையில் தலைமையாசிரியர். ஆறே காலுக்கு அவர் தலை சாயத் தொடங்கியது. புலவர் பக்கத்துத் திரைக்குப் பின்னால் நின்று கையைப் பிசைந்தார். தூதுவன் வந்து, ராஜா மாண்டார் என்று சொல்லிவிட்டுப் போனான். தேசப்பன் மேடை நடுவில், அம்மாவின் கூரைப்புடவையில், முழங்காலிட்டான்.

"மன்னவனே, என்னைவிட்டு மறைந்தனையோ..."

ஒரு வரி போயிற்று. இரண்டாவது வரியும் போயிற்று. மூன்றாவது வரி வரவேயில்லை. புலவர் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தார். அவர் தமிழ் அவன் காதில் ஏறவில்லை. கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள். ஏழு மார்க்கும் போகிறது, நாளை நாலு மணியும் போகிறது, அப்பா வந்து வெறும் மைதானத்தைப் பார்க்கப்போகிறார். அவன் தலையைத் தூக்கினான். நாலாவது வரிசை ஓரத்தில் அப்பா கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மத்தியானம் இந்த முகம் இல்லை என்றல்லவா நினைத்தோம் என்று தோன்றியதும் வாயிலிருந்து தானாக வந்தது:

"கொடுவா கொணாந்து தந்து — என் ராசா
கொழம்பு வெச்ச நாளெல்லாம்..."

சோழ நாட்டு அரண்மனையில் மீன் குழம்பா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை. ஒப்பாரி எழுந்தால் எடுத்துக்கொடுக்காமல் சும்மா உட்கார்ந்திருப்பது குப்பத்துப் பெண்களுக்கு மரியாதை அல்ல. பவுனம்மாள் முதலில் குரல் கொடுத்தாள். அப்புறம் பத்துப் பெண்களும் தோளில் கைபோட்டு ஆடத் தொடங்கிவிட்டார்கள். ஓரத்தில் ரஷீது தங்கக் காகிதக் கவசத்தோடு, "ஐயா, நான் எப்போ உயிரோட வர்றது?" என்று மூன்று தடவை கேட்டான். அவனுக்குப் பதில் சொல்லத் திரைக்குப் பின்னால் யாரும் அழாமல் இல்லை. வேதமாணிக்கம் மாஸ்டர் விசில் கட்டிய கயிற்றால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து மீன் வாசனை பட்டால் தெருவை மாற்றுகிற தலைமையாசிரியர், நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கொடுவாத் தலைக்காகத் தேம்பித் தேம்பி அழுதார்.

அழாதவர் இரண்டே பேர். ஒருவர் ராமதாஸ். மத்தியானம் அவர் வந்ததும் பாட்டு நின்றுவிட்டதால் அதை இப்போதுதான் முழுசாகக் கேட்கிறார். 'நல்ல வார்த்த நாலு வார்த்த நாளைக்குன்னு வெச்சிருந்தேன்' என்ற அடி வந்தபோது மெதுவாகத் திரும்பிப் பெண்கள் பக்கம் பார்த்தார். அங்கே பாட்டுக்கு எடுத்துக்கொடுக்காமல், முந்தானையால் முகத்தை முழுக்க மூடிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள்தான் அழாத இன்னொருத்தி. வெட்கப்படுகிறவளுக்கு அழ நேரமேது?

திரை விழுந்ததும் புலவர் பாய்ந்து வந்தார்.

"என் விருத்தம் எங்கே? பதினாறு வரி எங்கே? மடையா, உனக்கு ஏழு அல்ல, உள்ள இருபத்தெட்டையும்..."

அதற்குள் தலைமையாசிரியர் மேடையேறிவிட்டார். புலவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சுப்புராஜ், பன்னிரண்டு வருஷமாக உங்கள் நாடகம் பார்க்கிறேன். இப்படி ஒரு பாட்டு... என்ன எளிமை! நீங்களேதான் எழுதினீர்களா?"

புலவர் வாயைத் திறந்தார். தேசப்பனைப் பார்த்தார். தலைமையாசிரியரின் நனைந்த கன்னத்தைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷத் தூக்கம் அவர் கண்முன் வந்துபோயிருக்க வேண்டும்.

"இரங்கல் நெய்தலுக்கு உரியது அல்லவா," என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. "ஆகவே ராணியை நெய்தல் நிலத்தவளாக வைத்து... ஏதோ சற்றே முயன்றேன்."

"அப்போ ஏழு மார்க்கு, ஐயா?" என்றான் ராணி.

புலவர் அவன் பக்கம் திரும்பாமலே, "எட்டு," என்றார்.

மறுநாள் நாலு மணிக்கு முப்பத்தாறு மார்க்கோடு தேசப்பன் வலைக்கு முன்னால் நின்றான். பெரம்பூர்ப் பையன்களுக்குச் சேதி எட்டியிருந்தது. "ராணியம்மா, கொஞ்சம் அழுதுகாட்டுங்க!" என்று கத்தினார்கள். அவன் காதில் வாங்கவில்லை. கோலுக்குப் பின்னால் ராமதாஸ் குந்தி உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கன்னியம்மா, வெயிலுக்கு அவருக்குத் துண்டு கொண்டுவந்து தரத்தான் வந்தாளாம்.

பத்தாவது நிமிஷத்தில் பெரம்பூர் அடித்த பந்து தேசப்பனின் விரலைத் தாண்டி வலையில் விழுந்தது. மைதானமே வாயடைத்துப்போன நேரத்தில் ஒருவர் மட்டும் எழுந்து துள்ளிக் கைதட்டினார்.

"பட்டுச்சி! பட்டுச்சிடா மவனே! நம்ம வலைல பட்டுச்சி!"

"நைனா! கம்முனு உக்காரு! அது வலைல வுழக் கூடாது!" என்று தேசப்பன் கத்தினான்.

"வுழக் கூடாதா? பின்ன வலைய எதுக்குடா கட்டிகினு கீறே?" ராமதாஸ் உண்மையாகவே குழம்பிப்போனார். ஆட்டம் முடிகிறவரைக்கும் அந்தக் குழப்பம் தீரவில்லை. மகன் பாய்ந்து பாய்ந்து பந்தைத் தடுத்தபோதெல்லாம், "சே, இதுவும் தப்பிச்சிடுச்சி" என்று நாக்கைச் சப்புக்கொட்டினார். ரஷீது இரண்டு கோல் போட்டான். இரண்டுக்கு ஒன்று என்று நம் பையன்கள் ஜெயித்தார்கள். வேதமாணிக்கம் மாஸ்டர் போட்ட சத்தம் சந்தோஷச் சத்தம் என்பது அவர் தேசப்பனைத் தூக்கிய பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அப்பாவும் அம்மாவும் முன்னால் நடந்தார்கள். பின்னால் ஜெயித்த கோப்பையோடு வந்த தேசப்பனுக்குக் காது அங்கேயே இருந்தது.

"இன்னாம்மே," என்றார் ராமதாஸ். "பாட்டுல நாலு வார்த்த வெச்சிருக்கேன்னியே. நான்தான் உசுரோட கீறேனே. அதுல ஒண்ணு சொல்லேன்."

"அதுக்கு நீ செத்தாத்தான்யா," என்றாள் கன்னியம்மா. சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.

காலையில் வைத்த கொடுவாக் குழம்பு நன்றாக ஊறியிருந்தது. தேசப்பன் கைகால் கழுவிக்கொண்டு, ஜெயித்தவனுக்கு உரிய தோரணையோடு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான். பல் முளைத்த நாளிலிருந்து மீன் தலை அவனுக்குத்தான். கன்னியம்மா சட்டியைத் துழாவினாள். அகப்பையில் தலை வந்தது. கண்ணும் செவுளுமாக, ஒரு தட்டு நிறையப் பெரிசு. தேசப்பன் தட்டை நகர்த்திக் கொடுத்தான்.

அகப்பை அவன் தட்டைத் தாண்டிப் போயிற்று. தலை அப்பாவின் சோற்றின்மேல் இறங்கியது.

ராமதாஸ் சோற்றில் வைத்த கையை எடுக்கவுமில்லை, பிசையவுமில்லை. தட்டைப் பார்த்தார். கன்னியம்மாவைப் பார்த்தார். அவள் அவர் பக்கமே திரும்பாமல் சட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, மகன் தட்டில் வாலைப் போட்டாள்.

"இன்னாடா மொறைக்கிறே?" என்றாள் மகனிடம். "வாலுதான் ருசி. இத்தினி வருசமா உங்க நைனா ஒரு வார்த்த சொன்னாரா? துன்னு."

தேசப்பன் வாலைத் தின்றான். அதில் முள்தான் அதிகம்.